இடம் கிடைப்பதற்கு முன்னால் ஆகும் செலவு

சென்னையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நான் புள்ளியியல் கற்பிக்கிறேன். முதுகலை அறிவியல் இறுதியாண்டில் இருக்கும் மாணவர்கள் வெளிநாட்டு ஆராய்ச்சிப் படிப்பைப் பற்றிப் பேச வரும்போது, அவர்களில் பலர் முப்பது லட்சம், நாற்பது லட்சம் என்று யாரோ சொன்ன ஒரு தொகையை மனத்தில் சுமந்துகொண்டு வருகிறார்கள். அந்தத் தொகை சொந்தப் பணத்தில் படிக்கும் எம்எஸ் என்னும் முதுகலைப் படிப்புக்கு உரியது, பிஎச்டிக்கு உரியதன்று. அமெரிக்காவின் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், புள்ளியியல் ஆகிய துறைகளில் பிஎச்டிக்குச் சேரும் மாணவரின் படிப்புக் கட்டணத்தைப் பெரும்பாலும் துறையே ஏற்றுக்கொள்கிறது. வகுப்புகளில் உதவுவதற்கோ ஆய்வகத்தில் பணிபுரிவதற்கோ மாதந்தோறும் பணமும் தருகிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பிஎச்டி மாணவர் சம்பளம் பெறும் பணியாளராகவே அமர்த்தப்படுகிறார். ஆகவே, விசாவையும் விமானச் சீட்டையும் தள்ளிவைத்துப் பார்த்தால், வசதியில்லாத வீட்டுப் பிள்ளை ஒருவர் தம் கையிலிருந்து போட வேண்டிய பணம் விண்ணப்பிப்பதற்கு ஆகும் செலவு மட்டும்தான்.

இந்தப் பதிவு அந்தச் செலவைப் பற்றியது. ஐந்தாறு ஆண்டுப் படிப்பும் அதன் வழியாக வரக்கூடிய ஒரு முழு வாழ்க்கையும் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாயில் நின்றுபோவதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். இடம் கிடைத்த பிறகு உதவுவதற்கு அரசுத் திட்டங்கள் இருக்கின்றன, வங்கிகள் இருக்கின்றன, உறவினர்கள்கூட இருக்கிறார்கள். இடம் கேட்பதற்கு உதவத்தான் ஆள் இல்லை.

முதலில் அந்த ஒரு லட்சம் எப்படி வருகிறது என்று பார்க்கலாம். மேற்படிப்புச் சேர்க்கைக்கு அமெரிக்கத் துறைகள் சில கேட்கும் ஜிஆர்இ பொதுத் தேர்வை எழுத இந்தியாவில் 22,000 ரூபாயை ஒட்டி ஆகிறது. ஆங்கிலத் தேர்வாக டோஃபல், ஐஈஎல்டிஎஸ் இரண்டில் எதை எழுதினாலும் 17,000 ரூபாயை ஒட்டி வரும். பல்கலைக்கழகத்தின் விண்ணப்பக் கட்டணம் பொதுவாக 75 டாலரிலிருந்து 125 டாலர் வரை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் 125 டாலர். உள்நாட்டு மாணவரைவிட வெளிநாட்டு மாணவரிடம் 15 டாலர் கூடுதலாக வாங்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஒருவர் எட்டு இடங்களுக்கு, சராசரி 90 டாலர் வீதம் விண்ணப்பிக்கிறார் என்றும், டாலருக்கு 85 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால் அதுவே 61,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஜிஆர்இ மதிப்பெண்ணைத் தேர்வு நாளில் நான்கு இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம். மீதி நான்கு இடங்களுக்கு, இடத்துக்கு 35 டாலர் என்று வைத்துக்கொண்டால், இன்னொரு 12,000 ரூபாய். எல்லாவற்றையும் கூட்டினால் 1,12,000 ரூபாய். பாஸ்போர்ட்டுக்கான 1,500 ரூபாயும், எல்லாப் பருவ மதிப்பெண்களையும் தொகுத்துக் காட்டும் டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகத்திலிருந்து வாங்கும் கட்டணமும், கூரியர் செலவும், அந்த டிரான்ஸ்கிரிப்டுக்காக ஊரிலிருந்து வந்துபோகும் நாட்களில் இழக்கும் கூலியும் இதில் சேரவில்லை. எங்கள் கல்லூரியில் படிக்கும் பலருடைய வீட்டில் இது பல மாத வருமானம்.

தொகையைக் காட்டிலும் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டும் ஒருவர், இயற்பியல் படித்த தம் மகளுடன் என்னைப் பார்க்க வந்திருந்தார். நான் செலவுகளை ஒவ்வொன்றாக எழுதிக் காட்டியதை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சீட்டு கிடைக்கலைன்னா இந்தப் பணம் திரும்பி வருமா சார்?" என்று கேட்டார். வராது என்றேன். "கிடைச்சிடுச்சுன்னா நான் எதையாவது வித்துக்கூட அனுப்பிடுவேன் சார். கிடைக்குமான்னு தெரியாததுக்கு எப்படி சார் போடுறது?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இழப்பைத் தாங்கிக்கொள்ள வசதி உள்ளவர் ஒரு லட்சத்தைப் பணயம் வைக்கலாம். தாங்க முடியாதவர் வைக்கக் கூடாது என்றுதான் எங்கள் பாடமும் சொல்லும். சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தால் வங்கியில் கல்விக்கடன் கேட்கலாம், நகையை அடகு வைக்கலாம், மாமாவிடமோ சித்தப்பாவிடமோ போய் நிற்கலாம். அந்தக் கடிதம் வருவதற்கு முன்னால், விண்ணப்பச் செலவுக்கென்று வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை. குடும்பத்திடம் கேட்பதற்கும் பிள்ளைக்கு வாய் வராது. பெண் பிள்ளையாக இருந்தால், திருமணத்துக்கென்று ஒதுக்கியதிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

விட்டுவிடுவது ஒரு வகை. இன்னொரு வகை எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதன் விளைவு வெளியே தெரிவதில்லை. ஒரு மாணவருக்கு எந்த ஒரு பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துறையும் தனித்தனியாக முடிவெடுக்கிறது என்றும் கொள்வோம்; உண்மையில் முடிவுகள் முழுக்கத் தனித்தனியானவை அல்ல என்றாலும் கணக்கின் போக்கு மாறாது. அவர் பத்து இடங்களுக்கு விண்ணப்பித்தால் ஒன்றிலாவது இடம் கிடைக்கும் வாய்ப்பு 65 விழுக்காடு. இரண்டு இடங்களுக்கு மட்டும் விண்ணப்பித்தால் 19 விழுக்காடு. மாணவர் அதே மாணவர்தான். மதிப்பெண்ணும் பரிந்துரைக் கடிதமும் ஆய்வறிக்கையும் மாறவில்லை. கையில் இருந்த பணம் மட்டுமே மாறியிருக்கிறது. ஆனால் ஏப்ரல் மாதத்தில் முடிவுகள் வரும்போது, அண்ணாநகரிலிருந்து பத்து இடங்களுக்கு விண்ணப்பித்தவர் தகுதியால் போனதாகவும், வியாசர்பாடியிலிருந்து இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தவர் தகுதி போதாமல் நின்றதாகவும் எல்லோரும் பேசுவார்கள். அவரும் அப்படியே நம்பிவிடுவார். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

குறைவான இடங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் எந்த இடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. பெயர் தெரிந்த இரண்டு மூன்று பெரிய பல்கலைக்கழகங்களையே எழுதிக்கொண்டு வருவார்கள், ஏனென்றால் மற்றவற்றின் பெயரைச் சொல்வதற்கு வீட்டிலோ தெருவிலோ யாரும் இருந்திருக்க மாட்டார்கள். தங்கள் ஆய்வுத்துறையில் மிக வலுவாக இருக்கும் நடுத்தரப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னால், இன்னொரு 8,000 ரூபாயா என்று தயங்குவார்கள். பணமும் தகவலும் இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஒன்றை மட்டும் கொடுத்து உதவ முடியாது.

இந்தக் கட்டணம் ஒரு தடை என்பதை அமெரிக்கர்களே எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ரொனால்ட் மெக்நாயர் என்ற கறுப்பின இயற்பியலாளர், எம்ஐடியில் முனைவர் பட்டம் பெற்று விண்வெளி வீரரானவர், 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது இறந்தார். அவர் பெயரால் அந்நாட்டுக் கல்வித்துறை நடத்தும் திட்டம், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஏழை மாணவர்களையும், ஆராய்ச்சிப் படிப்பில் குறைவாகவே இடம்பெற்றுள்ள சமூகங்களின் மாணவர்களையும் முனைவர் பட்டத்துக்குத் தயார் செய்கிறது. அதில் இருக்கும் மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. ஜிஆர்இ நடத்தும் நிறுவனமும் பணநெருக்கடியில் இருக்கும் மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்று ஒரு சலுகை வைத்திருக்கிறது. ஆனால் மெக்நாயர் திட்டமும் ஜிஆர்இ சலுகையும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும் உரியவை. திண்டிவனத்திலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தச் சலுகைகளின் நியாயம் அத்தனையும் பொருந்தும். சலுகை மட்டும் பொருந்தாது.

ஜிஆர்இ தேர்வைப் பொறுத்தவரை நல்ல மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. ஜிஆர்இ மதிப்பெண்ணை ஒரு வடிகட்டியாகப் பயன்படுத்தினால் பெண்களும் சிறுபான்மையினரும் ஏராளமாக வெளியே தள்ளப்படுகிறார்கள் என்று கேசி மில்லர், கீவன் ஸ்டாசன் என்ற இரு பேராசிரியர்கள் 2014இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அமெரிக்க வானியல் கழகம் அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே அந்தத் தேர்வைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று துறைகளைக் கேட்டுக்கொண்டது. உயிரியல் துறைகள் பல அதைக் கைவிட்டன. கொரோனா காலத்தில் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது இன்னும் பல துறைகள் சேர்ந்துகொண்டன. எனவே இன்று ஒரு மாணவர் முதலில் செய்ய வேண்டியது, தாம் விரும்பும் துறைகளில் எவை ஜிஆர்இ கேட்கின்றன என்று பார்ப்பது. கேட்காத துறைகளை மட்டும் வைத்தே நல்ல பட்டியல் போட முடியுமானால், 22,000 ரூபாயும் மதிப்பெண் அனுப்பும் செலவும் மிச்சம். 'விருப்பத்துக்குரியது' என்று போட்டிருந்தால் எழுதாமல் விடுவதில் தவறில்லை என்பது என் கருத்து. அதை எழுதினால்தான் மதிப்பு என்று சொல்லும் ஆலோசனை மையங்களின் பேச்சை நான் ஏற்பதில்லை.

ஆங்கிலத் தேர்விலும் இப்படிச் செய்யலாம். ஏறத்தாழ 70 டாலரில் வீட்டிலிருந்தே எழுதக்கூடிய டுவோலிங்கோ தேர்வைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. ஆங்கிலவழியில் பட்டம் பெற்றதாகக் கல்லூரி தரும் சான்றிதழே போதும் என்று சொல்லும் இடங்களும் உண்டு. ஒவ்வொரு துறையின் விதியையும் அதன் இணையதளத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் சில இடங்களில் துறைக்கே இருக்கிறது. அறிமுகக் கூட்டத்தில் இணையம் வழியாகக் கலந்துகொண்டவர்களுக்குத் தள்ளுபடி தரும் துறைகள் உண்டு. காரணம் சொல்லிக் கேட்டால் வெளிநாட்டு மாணவருக்கும் தரும் துறைகள் உண்டு. கேட்பதற்கு எங்கள் மாணவர்கள் மிகவும் கூச்சப்படுகிறார்கள். துறையின் சேர்க்கை அலுவலருக்கு ஐந்து வரியில் ஒரு மின்னஞ்சல் போதும்: நான் யார், எந்தப் பேராசிரியரின் ஆய்வில் ஆர்வம், குடும்ப வருமானம் ஆண்டுக்கு இவ்வளவு, உங்கள் கட்டணம் அதில் இத்தனை பங்கு, தள்ளுபடிக்கு வழி உண்டா. அக்டோபரில் அனுப்ப வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் அனுப்பினால் பதில் வருவதற்குள் கடைசி நாள் போய்விடும். கட்டிய பணத்தைப் பொதுவாகத் திருப்பித் தர மாட்டார்கள். கெஞ்சும் நடையில் எழுத வேண்டியதில்லை என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். தள்ளுபடி என்பது அந்தப் பல்கலைக்கழகமே வைத்திருக்கும் ஒரு நடைமுறை, அதைக் கேட்பது விண்ணப்பத்தைப் பாதிக்காது.

அமெரிக்காவை விட்டுப் பார்த்தால் கட்டணமே இல்லாத கதவுகள் பல. இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் இத்தாலியின் ட்ரியெஸ்தேவில் தொடங்கிய கோட்பாட்டு இயற்பியல் மையமான ஐசிடிபி, வளரும் நாடுகளின் மாணவர்களுக்கென்றே ஓராண்டு பட்டயப் படிப்பு நடத்துகிறது. விண்ணப்பிக்கவும் பணம் இல்லை, சேர்ந்தால் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சிப் பள்ளிகள், வியன்னா அருகிலுள்ள ஐஎஸ்டி ஆஸ்திரியா என்ற ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றில் பிஎச்டிக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்கும் அப்படியே. ஜெர்மனியில் முதுகலைக்குப் போவது மட்டும் வேறு கணக்கு: பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்காக விண்ணப்பங்களை வாங்கிப் பார்க்கும் யூனி அசிஸ்ட் வழியாக முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ, அதோடு 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட, நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்று கேள்விப்பட்டு வருபவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளிநாடு எதற்கு, நம் நாட்டிலேயே பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனம் (ஐஐஎஸ்சி) இல்லையா, தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இல்லையா, சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம் (சிஎம்ஐ) இல்லையா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இருக்கின்றன, எங்கள் மாணவர்கள் எல்லோரையும் முதலில் அவற்றுக்குத்தான் விண்ணப்பிக்கச் சொல்கிறேன். இங்கே தேர்வுக் கட்டணம் ஆயிரங்களில் நின்றுவிடுகிறது. ஆனால் இங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆராய்ச்சிப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளில் ஒன்றான கேட் தேர்வுக்கு 2025ஆம் ஆண்டில் பொதுக் கட்டணம் 1,800 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 900. பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் 2024 ஜூனில் பொதுப் பிரிவுக்கு 1,150, பிற்படுத்தப்பட்டோருக்கு 600, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 325 என்று மூன்று படிகள் இருந்தன. கேட் தேர்வில் அந்த நடுப்படியைக் காணோம். மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த விவசாயக் கூலி வீட்டுப் பையன், மருத்துவர் வீட்டுப் பையன் கட்டும் அதே தொகையைக் கட்ட வேண்டும். கேட், நெட் என்று ஒரே பருவத்தில் அடுத்தடுத்து வரும்போது, எதை எழுதுவது, எதை விடுவது என்று அவன் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அதன் பிறகு நேர்காணலுக்குப் பெங்களூர், மும்பை, புனே என்று ரயிலேற வேண்டும். பயணச் செலவைச் சில நிறுவனங்கள் தருகின்றன, ஆனால் போய்ச் சேர்ந்த பிறகுதான் தருகின்றன.

அரசுத் திட்டங்களுக்கு வருகிறேன். ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேர் வரை பெறக்கூடியது. படிப்புக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விசா, விமானப் பயணம் எல்லாம் அதில் அடக்கம். தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு நடத்தும் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இவை பெரிய திட்டங்கள். இவற்றால் வெளிநாடு சென்றவர்களை நான் அறிவேன், இவை இன்னும் விரிவடைய வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் இவற்றின் பயன் சேர்க்கைக் கடிதம் பெற்றவருக்கே போய்ச் சேர்கிறது. அந்தக் கடிதத்தைப் பெறுவதற்கான செலவைத் தாங்க முடியாதவர், இந்தத் திட்டம் யாருக்காக உருவாக்கப்பட்டதோ அவராகவே இருந்தாலும், இதன் அருகில்கூட வர முடிவதில்லை. ஒருவருக்கு ஓராண்டில் தரப்படும் 36 லட்சம், ஒரு லட்சம் வீதம் 36 மாணவர்களின் விண்ணப்பச் செலவுக்குச் சமம். திட்டத்தின் ஒதுக்கீட்டில் மிகச் சிறிய பகுதியை முன்செலவுக்கு என்று தனியாக வைத்தாலே, விண்ணப்பிப்பவர்களின் வட்டம் பெரிதாகும்.

தேர்வாகும் முன்பே செலவை ஏற்பது நம் மாநிலத்துக்குப் புதியதும் அன்று. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள் ஆகியோரிடம் தேர்வுக் கட்டணம் வாங்குவதில்லை; பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் மூன்று முறை இலவச வாய்ப்பு தருகிறது. குடிமைப்பணித் தேர்வுக்குத் தயாராகும் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாயும், முதல்நிலைத் தேர்வில் வென்றவர்களுக்கு 25,000 ரூபாயும் நான் முதல்வன் திட்டத்தில் 2023 முதல் வழங்கப்படுகிறது. வெல்வாரா என்று தெரியாத நிலையிலேயே அரசு அவர்கள்மீது பணம் போடுகிறது. ஆட்சிப் பணிக்குப் போக விரும்புபவருக்குச் செய்வதை ஆராய்ச்சிக்குப் போக விரும்புபவருக்கும் செய்யலாம். இந்தச் சென்னையிலேயே 1914இல், பட்டம் எதுவும் பெறாத ராமானுஜனுக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தபோது, கப்பல் கட்டணத்துக்கும் உடை வாங்குவதற்கும் சேர்த்தே சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்தது. புறப்படுவதற்கு முன்னால் ஒரு மனிதருக்கு என்ன தேவைப்படும் என்று அன்றைக்கு அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அரசு செய்யும்வரை காத்திருக்க முடியாது என்பதால், ஆராய்ச்சித் துறையில் இருக்கும் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து நாங்கள் சிறிய அளவில் மாணவர்களின் விண்ணப்பச் செலவை ஏற்றுவருகிறோம். இதற்கு அமைப்பும் இல்லை, பெயரும் இல்லை. இதேபோன்ற ஒன்றைத் தொடங்க நினைக்கும் துறைகளுக்கும் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் பயன்படலாம் என்பதால், எங்களுக்குள் நீண்ட விவாதத்துக்குப் பிறகு முடிவான சிலவற்றைச் சொல்கிறேன்.

பணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். ரசீதைக் காட்டினால் திருப்பித் தருகிறோம் என்பது உதவியே அல்ல. முதலில் போடப் பணம் இல்லாதவருக்குத்தானே உதவி தேவைப்படுகிறது. நாங்களே எங்கள் அட்டையில் கட்டிவிடுகிறோம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, புதிதாகத் தரப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பரிமாற்ற வசதியை அட்டைக்கு உரியவர்தான் இயக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் மாணவர்களின் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு இணையதளத்தில் செல்லாத சாதாரண டெபிட் அட்டைகள். பணம் கையில் இருந்தும் அட்டை இல்லாததால் முகவர் ஒருவரிடம் கூடுதல் தொகை கொடுத்துக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தம் அட்டையை நம்பிக் கொடுப்பதே ஓர் உதவிதான்.

கடனாகக் கொடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவர் வாதிட்டார். திரும்பி வந்தால் அடுத்தவருக்குப் பயன்படும் என்பது அவர் எண்ணம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடன் என்றால், இடம் கிடைக்காதவர் ஏமாற்றத்தோடு கடனையும் சுமப்பார். வியாசர்பாடித் தந்தை பயந்தது அதற்குத்தான். இடம் கிடைத்தவர்கள் பிற்பாடு தாங்களாகவே அனுப்பினால் வாங்கிக்கொள்கிறோம், கேட்பதில்லை.

வறுமையை விளக்கிக் கட்டுரை எழுதச் சொல்வதில்லை. தந்தை எப்போது இறந்தார், வீட்டில் எத்தனை பேர் பட்டினி என்றெல்லாம் ஒரு இளம் பெண்ணை அந்நியர்களுக்கு எழுத வைப்பது அவளை அவமதிப்பது. அந்த மாணவியை அறிந்த ஆசிரியர் ஒருவர் சொன்னால் போதும். கல்லூரி அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் வருமானச் சான்றிதழையும் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழையும் தவிர வேறு எதையும் நாங்கள் கேட்பதில்லை. மதிப்பெண்ணில் வரிசைப்படுத்தி முதல் சிலருக்கு மட்டும் தருவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே படித்தவரின் 68 விழுக்காட்டையும், வேறு கவலை இல்லாமல் படித்தவரின் 82 விழுக்காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

எத்தனை இடங்களுக்குக் கட்டுவது என்பதில் மட்டும் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். மாணவர் ஒவ்வொரு துறையிலும் தம் ஆர்வத்துக்கு உகந்த ஆய்வு செய்யும் பேராசிரியர்களை அடையாளம் காட்ட வேண்டும். அவர்களின் கட்டுரை ஒன்றையாவது படித்து எங்களோடு பேச வேண்டும். பெயருக்காக மட்டும் எழுதப்பட்ட இடங்கள் இந்தப் பேச்சிலேயே உதிர்ந்துவிடுகின்றன, எதிர்பாராத நல்ல இடங்கள் பட்டியலில் சேர்கின்றன. 2025இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டதால் பல துறைகள் சேர்க்கையைக் குறைத்துக்கொண்ட பிறகு, பட்டியலில் கட்டணமில்லாத ஐரோப்பிய, ஜப்பானிய இடங்களுக்குக் கணிசமான பங்கு இருக்க வேண்டும் என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

ஆலோசனை மையங்களுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு மையம் எங்கள் மாணவர் ஒருவரிடம் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, பிஎச்டிக்குத் தகுதியான அவரைத் தனக்குத் தரகு கிடைக்கும் எம்எஸ் படிப்புகளின் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தது. அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இயங்கும் எஜுகேஷன் யுஎஸ்ஏ என்ற வழிகாட்டு மையம் ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. விண்ணப்பச் செலவுக்கு முன்பணம் தரும் ஆப்பர்சூனிட்டி ஃபண்ட்ஸ் என்ற திட்டமும் அந்த அமைப்புக்கு உண்டு. இந்த ஆண்டு இங்கே அதற்கு இடமிருக்கிறதா என்று நேரில் கேட்டுவிட வேண்டும். மகாராஷ்டிரத்திலிருந்து இயங்கும் ஏகலவ்யா இந்தியா ஃபவுண்டேஷன் முதல் தலைமுறை மாணவர்களுக்கு வெளிநாட்டு விண்ணப்பங்களில் வழிகாட்டுகிறது. வீட்டில் இணைய வசதியும் அமைதியும் இல்லாதவர்களை நான் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அனுப்புகிறேன். எங்கள் மாணவர்கள் பலர், ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தர வேண்டிய நோக்க அறிக்கையை அங்கே உட்கார்ந்துதான் எழுதினார்கள்.

இப்போது முதுகலை இரண்டாம் ஆண்டு தொடங்கியிருப்பவர்களுக்குச் சில சொற்கள். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் ஜிஆர்இ தேர்வு மையத்துக்குள் விட மாட்டார்கள், அதிலுள்ள பெயரும் மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரும் முதலெழுத்து உட்பட ஒத்துப்போக வேண்டும். நம் ஊரில் தந்தை பெயரை முதலெழுத்தாக மட்டும் போடும் வழக்கத்தால் இந்த இடத்தில் அடிக்கடி சிக்கல் வருகிறது, திருத்துவதற்கு வாரங்கள் ஆகும். டிரான்ஸ்கிரிப்டுக்குச் செப்டம்பருக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜிஆர்இ மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்கும் டோஃபல் இரண்டு ஆண்டுகளுக்கும் செல்லும் என்பதால், முதல் ஆண்டு இடம் கிடைக்காவிட்டாலும் அடுத்த ஆண்டு அந்தத் தேர்வுக் கட்டணங்களை மறுபடியும் கட்ட வேண்டியதில்லை. இதை வீட்டில் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் அறிவியல் துறைகளில் பணிபுரியும் ஆசிரியர்கள், தங்கள் வகுப்பில் விண்ணப்பச் செலவைத் தாங்க முடியாத ஒரு மாணவரோ மாணவியோ இருந்தால் ஆகஸ்ட் முடிவதற்குள் எனக்குத் தெரிவியுங்கள். மாணவரை எதுவும் எழுதச் சொல்ல வேண்டாம். அவர் எந்தத் துறை, எதில் ஆர்வம், உங்களுக்கு அவரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று நீங்கள் இரண்டு வரி எழுதினால் போதும், மீதியை அவரிடம் நேரில் பேசிக்கொள்கிறோம்.